தண்ணீர் ஊற்றாதீர்கள்

பாசிர் கூடாங்
9 மார்ச் 2025

ரூபேந்திரனுக்கு,

அம்மா எழுதுகிறேன். போன மாதம் சிறையில் நீ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாய். இரண்டு பஸ் மாறி வந்தவள் உன் முதுகைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். இனிமேல் வரவேண்டாம் என்று வார்டரிடம் சொல்லி அனுப்பினாய். சரி, வரவில்லை. எழுதவேண்டாம் என்று நீ சொல்லவில்லை. தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்த எழுத்து இது. தப்பு இருந்தால் நீயே சரியாகப் படித்துக்கொள்.

கோயில் மண்டபத்துக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னதற்குத்தானே உனக்குக் கோபம். இன்றும் போய்விட்டுத்தான் வந்தேன். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு. சமூகநல இலாகாவிலிருந்து நிர்மலாதேவி அம்மா வருகிறார், புவான் என்று கூப்பிடுகிறோம். போலிஸிலிருந்து ஒரு மலாய்க்கார இன்ஸ்பெக்டர் அம்மா. ஆஸ்பத்திரி தாதி ஒருவர். கோயில் கமிட்டி. நம் பிளாட்டுப் பொம்பளைகள் முப்பது பேர். ஒரு பெண்ணுக்குக் கெடுதல் நடந்தால் முதலில் என்ன செய்வது, யாரிடம் போவது, நடக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, இதுதான் பேச்சு.

முதல் கூட்டத்தில் காபி ஊற்றிக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னது: "இதெல்லாம் கோயில்ல பேசுற விஷயமா, புவான்?"

நிர்மலாதேவி, "வேற எங்க பேசுறது? கூப்பிட்டா நீங்க எல்லாரும் வர்ற இடம் இது ஒண்ணுதானே" என்றார்.

"சாமி காதைப் பொத்திக்கும்."

எனக்கு அடங்கவில்லை. "பொத்தட்டுமே. மூணு வருஷமா பொத்திக்கிட்டுத்தானே இருக்கு" என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. லோஷினியின் அம்மா நான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

கோயில் கமிட்டித் தலைவர் கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார். அதே மண்டபத்தில்தான் அந்த பஸ் டிரைவர் காளிதாஸைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்து, உன் அக்காவின் காலில் விழ வைத்து, "பேசி முடிச்சாச்சு, கோர்ட்டு கேஸுன்னு பொண்ணு பேரைக் கெடுக்காதீங்க" என்று அனுப்பி வைத்தார். மூன்று மாதத்தில் அவள் தன் உயிரை முடித்துக்கொண்டாள். எனக்கு மறந்துபோகுமா, ரூபன்? அவர் முகத்துக்கு எதிரே உட்காரத்தான் போகிறேன். அவர் பார்க்கட்டும்.

காலை பஸ்ஸுக்குப் போகிற பெண்களுக்குத் துணை போக ஆள் வேண்டும் என்கிறார்கள். ஆறு மணிக்கு இங்கே இன்னும் இருட்டு. லாரிகள் நிற்கிற இடத்தைத் தாண்டித்தான் பெரிய ரோடு. யாரைப் போடலாம் என்று யோசிக்கிறோம்.

சாப்பிடுகிறாயா? பல் வலி இருக்கிறதா?

அம்மா

---

30 மார்ச் 2025

அம்மா,

உன் கடிதம் இரண்டு வாரம் ஆபீஸில் கிடந்தது. தமிழ் படிக்கிற ஆபீஸர் லீவில் இருந்தாராம். அவர் படித்த பிறகுதான் எனக்கு வரும். அதனால் சொல்ல நினைப்பதையெல்லாம் எழுத முடியாது.

கமலநாதன் கூட உட்கார்ந்து காபி குடிக்கிறாய். நல்லது. போலிஸ் கூடவும் குடி. அக்கா தனியாக நடந்து போய் ரிப்போர்ட் பண்ணினாளே, அன்றைக்கு எங்கே இருந்தார்கள் இவர்கள் எல்லாம்? டாக்டர் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று எழுதினார். சாட்சியம் போதாது என்று கேஸ் நின்றுபோனது. ஒன்றும் இல்லாமலா போகும்? அந்த டாக்டரை யாரோ காசு கொடுத்துப் பிடித்திருக்கிறார்கள். அந்த டாக்டர் பெயரைக்கூட நான் மறக்கவில்லை. என் பட்டியலில் இருப்பது காளிதாஸ் மட்டும் இல்லை.

நான் வெட்டினேன். அவன் இடது கை மணிக்கட்டோடு போனது. ஆறு வருஷம் கொடுத்தார்கள், நன்னடத்தை போக அடுத்த வருஷம் மே மாதம் வெளியே வருவேன். அவனுக்கு இன்னொரு கை இருக்கிறது என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன். இதை ஆபீஸர் படித்தாலும் பரவாயில்லை. நினைப்பதற்குத் தண்டனை இல்லை.

பெண்களுக்குத் துணை போக ஆள் வேண்டும் என்றால் செல்வாவைப் போடு. கமிட்டிக்காரர்கள் கொண்டுவருகிற வெள்ளைச் சட்டைகளை நம்பாதே. செல்வா எனக்கு யார் என்று உனக்குத் தெரியும். நான் உள்ளே இருக்கிறேன், அவன் வெளியே இருக்கிறான். அதற்கு மேல் எழுத முடியாது. உனக்குச் சமையல் கேஸ் தோம்பு தூக்கி வருவது, கதவு பூட்டு மாற்றியது எல்லாம் அவன்தானே. அவனைவிட நல்ல ஆள் அந்த பிளாட்டில் இல்லை.

ரூபன்

---

பாசிர் கூடாங்
27 ஏப்ரல் 2025

ரூபனுக்கு,

அந்த டாக்டரைப் பட்டியலிலிருந்து எடு. அங்கே என் பெயரை எழுதிக்கொள்.

மூன்று வருஷமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை. கூட்டத்தில் நிர்மலாதேவி என்னைத்தான் எழுந்து சொல்லச் சொன்னார். "தண்ணீர் ஊற்றாதீர்கள், துணியை மாற்றாதீர்கள், அப்படியே பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அங்கே தனி அறை உண்டு, போலிஸும் அங்கேயே வரும்." இதை மனப்பாடம் செய்து ஒப்பித்தேன். அந்த வார்த்தைகள் என்னை எப்படிக் குத்தின என்று அங்கே யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது.

அன்று காலை ஏழரை மணிக்கு அவள் வந்தாள். இரவு ஷிஃப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் கடைசியாக இறங்குகிறவள் அவள்தான். வாசலில் நின்றாள், உள்ளே வரவில்லை. சட்டைப் பொத்தான் இல்லை. உதடு கிழிந்திருந்தது. "அம்மா, காளிதாஸ்" என்று மட்டும் சொன்னாள். நீ பத்து பாகாட் ஊரில் வேலையில் இருந்தாய். நான் கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினேன். முதலில் கதவைத்தான் சாத்தினேன், ரூபன். பக்கத்து வீட்டில் பார்த்துவிடக் கூடாது என்று.

சாவு வீட்டுக்குப் போய் வந்தால் நாம் என்ன செய்வோம்? தலையோடு தண்ணீர் ஊற்றுவோம். தீட்டுக்கும் தண்ணீர்தான். எனக்கு வேறு எதுவும் தெரியாது. மஞ்சள் கரைத்து மூன்று வாளி ஊற்றினேன். தேய்த்தேன். அவள் "வேணாம்மா, எரியுது" என்றாள். "எரியட்டும், போயிடும்" என்றேன். நகத்துக்குள் அழுக்கு இருந்தது. ஈர்க்குச்சியால் ஒவ்வொரு விரலாகச் சுத்தம் செய்தேன். அது அழுக்கு இல்லை. அவள் அவனைக் கீறியிருக்கிறாள். அவன் தோல் அது. என் மகள் சண்டை போட்டு எடுத்து வந்த சாட்சியை நான் ஈர்க்குச்சியால் எடுத்துச் சாக்கடையில் விட்டேன். யூனிபாரத்தை வெளுப்பு மருந்தில் ஊறப்போட்டேன். மூன்றாம் நாள் அவள் என்னைக் கேட்காமல் போலிஸுக்குப் போனாள். டாக்டர் எதைப் பார்ப்பார்? நான் மிச்சம் வைத்ததைத்தானே பார்க்க முடியும். அந்த டாக்டரை யாரும் பிடிக்கவில்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபப்படு. மேலிடத்துக்கு மனு கொடுக்கலாம், மறுபடி விசாரிக்க வைக்கலாம் என்று ஒரு வக்கீல் அம்மா அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குள் நீ பாராங் கத்தியை எடுத்துக்கொண்டு போனாய். அதன் பிறகு எல்லாரும் பார்த்தது கையில்லாத காளிதாஸைத்தான். பேப்பரில் அவன் படம் வந்தது, பாவப்பட்டவன் மாதிரி. லோஷினியின் பெயரை எவனும் கேட்கவில்லை. நான் தண்ணீர் ஊற்றினேன், நீ ரத்தம் ஊற்றினாய். இரண்டும் சேர்ந்து அவனைச் சுத்தம் பண்ணிவிட்டது.

செல்வாவைத் துணைப் பட்டியலில் சேர்த்தாயிற்று. ஆள் பெயரையெல்லாம் படிவத்தில் எழுதிக் கொடுங்கள், போலிஸ் பழைய வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும் என்று நிர்மலாதேவி சொன்னார். செல்வாவுக்கு அந்தப் பழைய அடிதடி வழக்கு இருக்கிறதே. நான் தலைவரிடம் போய், "அவன் நம்ம பையன், என் மகளுக்காகத் துடிச்சவன், நான் பொறுப்பு" என்று சொன்னேன். என்னிடம் மறுத்துப் பேச அவருக்கு இப்போது வாய் ஏது. "நம்ம பிள்ளைங்களுக்கு எதுக்குப் படிவம்" என்று பட்டியலை அனுப்பாமலே திங்கட்கிழமை ஆரம்பித்துவிட்டார். காலையில் செல்வா பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு டார்ச் லைட்டோடு நிற்கிறான். பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

இந்தக் கடிதத்துக்குப் பதில் வராது என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

அம்மா

---

8 ஜூன் 2025

அம்மா,

கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிறது. படித்த அன்று சாப்பாட்டு வரிசையில் ஒருவனை அடித்தேன். அவன் ஒன்றும் செய்யவில்லை. தட்டால் மூக்கில் அடித்தேன், எலும்பு உடைந்தது. இரண்டு வாரம் தனி அறையில் போட்டார்கள். விடுதலை அடுத்த வருஷம் ஜூலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது.

நகத்தைப் பற்றி நீ எழுதியிருக்க வேண்டாம். கண்ணை மூடினால் அதுதான்.

மன்னித்தேன் என்று எழுதத் தெரியவில்லை. மன்னிக்கவில்லை என்றும் எழுதத் தெரியவில்லை.

ரூபன்

---

பாசிர் கூடாங்
20 ஜூலை 2025

ரூபனுக்கு,

இதை உட்கார்ந்து படி.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு முன்னால் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கீழ் மாடியில் செல்வராணி வீட்டில் ஒரு சத்தம். அவளுடைய மகள் ஆறு மணி பஸ்ஸுக்குப் போகிறவள், இருபத்தொரு வயது. பெயரை எழுத மாட்டேன், உனக்கு வரும் கடிதத்தைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பிறகு குளியலறையில் வாளி இழுக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். ஓடிப்போய்க் குளியலறைக் கதவைத் தட்டினேன்.

"ராணி, நான் செல்லம். கதவைத் திற!"

"ஒண்ணுமில்ல செல்லம். பாப்பா வழுக்கி விழுந்துட்டா. நீ வேலைக்குப் போ."

"விழுந்தவளுக்கு எதுக்குடி கதவைச் சாத்திக்கிட்டு தண்ணி?"

தோளால் இடித்தேன். தாழ்ப்பாள் பிய்ந்து வந்தது. செல்வராணி கையில் தண்ணீர் நிறைந்த சொம்பு. தரையில் அந்தப் பெண். முட்டியெல்லாம் ரத்தம், ஃபேக்டரி சட்டை தோளோடு கிழிந்து தொங்கியது. சொம்பைப் பிடித்தேன். செல்வராணி அதே சொம்பால் என் நெற்றியில் அடித்தாள்.

"என் புள்ளைய இப்படியே வெச்சிருக்கச் சொல்றியா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

ஓங்கி அறைந்தேன். இரண்டு முறை. "நான் ஊத்தினேன்டி! என் புள்ளைக்கு நான் ஊத்தினேன்! அதனாலதான் அவ இல்ல!" முப்பது பேர் கூட்டத்தில் வராத வார்த்தை அப்போது வந்துவிட்டது. அவள் அப்படியே சுவரோடு சரிந்தாள்.

நான் அந்தப் பெண்ணிடம் குனிந்து, "யாரும்மா?" என்று கேட்டேன்.

"செல்வா அண்ணன்."

பிளாட்டில் எத்தனையோ செல்வா. ஆனால் அவள் கண் என்னைப் பார்த்த விதத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. லாரிகளுக்கு நடுவில். பச்சைச் சட்டையோடு. மற்ற பெண்கள் முன்னால் போய்விட்டார்கள், இவள் செருப்பு அறுந்து பின்னால் நின்றிருக்கிறாள். "நான் இருக்கேன் பாப்பா, பயப்படாதே" என்றானாம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். குழாய் திறந்தே இருந்தது. என் கைக்கு எட்டுகிற தூரம். வாளி நிரம்பிக்கொண்டிருந்தது. செல்வராணியே ஊற்றத்தான் நினைத்தாள், நான் வராமல் இருந்திருந்தால் ஊற்றியிருப்பாள். ஒன்றும் செய்யாமல் வெளியே போனால் போதும். உன் அக்காவுக்காக உன் பக்கத்தில் நின்றவன் தப்பித்துவிடுவான். கேஸ் தோம்பு தூக்கியவன். என்னை அம்மா என்று கூப்பிட்டவன். எத்தனை நேரம் நின்றேன் என்று தெரியாது. தண்ணீர் என் கால்மேல் வழிந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

போர்வையைச் சுற்றிக் கூட்டிப்போனோம். செல்வராணியும் வந்தாள், வாயில் ரத்தத்தோடு. அந்தத் தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். நகத்தையும் பார்த்தார்கள். துணியைக் காகிதப் பையில் போட்டார்கள். இன்ஸ்பெக்டர் அம்மா அங்கேயே வந்தார். அன்றைக்கு மத்தியானம் அவனைப் பிடித்தார்கள்.

அவனுக்காகப் பொறுப்பு நின்றது யார் என்று கேட்டார்கள். நான் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். காளிதாஸை வெட்டிய அன்று உன் கூட நின்றவன் அவன் என்பதையும் சொல்லிவிட்டேன். இனி மறைக்க என்ன இருக்கிறது. நவம்பரில் விசாரணை. நான் சாட்சி.

அம்மா

---

3 ஆகஸ்ட் 2025

அந்தப் பெண் பொய் சொல்கிறாள். அல்லது நீ சொல்லிக் கொடுத்திருக்கிறாய்.

செல்வா அப்படிச் செய்ய மாட்டான். அவன் கையைப் பிடித்து நான் சத்தியம் வாங்கியிருக்கிறேன். போலிஸில் அவன் பெயரைச் சொல்லாமல் இருக்க நான் வாங்கின அடி உனக்குத் தெரியுமா? மூன்று நாள். சொல்லவில்லை. நீ ஒரே நாளில் சொல்லிவிட்டாய். யாரும் உன்னை அடிக்கக்கூட இல்லை.

ஒரு பிள்ளையைத் தண்ணீர் ஊற்றிக் கொன்றாய். இன்னொரு பிள்ளைக்கு இருந்த ஒரே கூட்டாளியையும் கொன்றாய். வேறு யார் மிச்சம்?

சாட்சி சொல்லப் போகாதே. வெளியே பசங்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு நான் பொறுப்பு இல்லை.

இனி உன் கடிதத்தை வாங்க மாட்டேன்.

ரூபேந்திரன்

---

பாசிர் கூடாங்
31 ஆகஸ்ட் 2025

ரூபேந்திரனுக்கு,

எழுத்து வேறு மாதிரி இருக்கிறதே என்று பார்க்காதே. சொல்வது நான், எழுதுவது செல்வராணி. என் வலது கை கட்டுப் போட்டிருக்கிறது.

போன புதன்கிழமை மார்க்கெட்டிலிருந்து வந்தேன். மாடிப்படியில் மூன்று பேர், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. ஒருவன் ஹெல்மெட்டால் தோளில் அடித்தான். விழுந்தேன். கையைப் படியில் வைத்து மேலே ஏறி மிதித்தான். எலும்பு உடைந்தது எனக்கே கேட்டது. அடுத்தவன் வயிற்றில் உதைத்தான். வாங்கி வந்த தக்காளியெல்லாம் உருண்டு ஓடியது. எழுந்து பார்த்தபோது எது தக்காளி, எது என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. போகும்போது ஒருவன் சொன்னான்: "கோர்ட்டுக்குப் போனே, அடுத்தது கழுத்துதான் லா கிழவி. ரூபன் சொல்லச் சொன்னான்."

இந்த வரியை எழுத மாட்டேன் என்று செல்வராணி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுது என்றேன்.

ஒரே ஒரு கேள்விதான். நீ அனுப்பினாயா? ஆம், இல்லை, இரண்டில் ஒன்றை எழுது. நீ என்ன எழுதினாலும் நான் கோர்ட்டுக்குப் போவேன். அனுப்பினது நீ என்றால் அதையும் சேர்த்து அங்கே சொல்வேன்.

இந்த மாதக் கூட்டம் எப்படி நடந்தது என்றும் தெரிந்துகொள். செல்வாவின் சித்தப்பா எழுந்து, "ஊர் விஷயத்தை ஊருக்குள்ள பேசி முடிப்போம், பையன் வாழ்க்கை போயிடும்" என்றார்.

காபி ஊற்றுகிற அம்மா, அதே அம்மா, "பேசி முடிங்க. முதல்ல உங்க வீட்டுப் பொண்ணைக் கூட்டியாந்து நடுவுல உட்கார வைங்க. அப்புறம் பேசலாம்" என்றார்.

"வார்த்தையை அளந்து பேசு."

"அளந்துதான் ஊத்துறேன், காபி மாதிரி. உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

அப்போது கமலநாதன் எழுந்து நின்றார். "போன தடவை நான்தான் பேசி முடிச்சேன். முடிஞ்சது ஒரு பொண்ணோட உயிர். இந்தத் தடவை படிவத்தை அனுப்பாததும் நான்தான். ரெண்டையும் போலிஸ்ல எழுதிக் கொடுத்துட்டேன். தலைவர் பதவிக்கு வேற ஆள் பாருங்க" என்றார். அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. ஆனாலும் அவர் சொன்னது சரி. பொறுப்பு என்று நான் சொன்னதும் அதே தப்புதான்.

துணை போவது இப்போது நின்றிருக்கிறது. எல்லாப் பெயரையும் போலிஸ் பார்த்த பிறகுதான் திரும்ப ஆரம்பிக்கும். அதுவரை அம்மாக்கள் நாங்களே ஐந்து பேராகப் போகிறோம். நான் ஒரு கையோடு.

செல்லம்

---

21 செப்டம்பர் 2025

அம்மா,

கடிதத்தை வாங்க மாட்டேன் என்றேன். ஆபீஸரே கொண்டுவந்து கையில் கொடுத்தார். "படி" என்று மட்டும் சொன்னார். அவர் முகமே சரியில்லை.

நான் அனுப்பவில்லை.

ஆனால் நீ கேட்டது அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆகஸ்டில் ஒரு பையன் என்னைப் பார்க்க வந்தான். "அம்மாவை என்ன பண்றது பாஸ்? கொஞ்சம் பயம் காட்டவா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் போனை வைத்துவிட்டு எழுந்து போனேன். நான் அப்படி எழுந்து போனால் சரி என்று அர்த்தம், அது அந்தப் பையன்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அதனால் உன் கை மேல் இருந்த காலில் ஒன்று என்னுடையது.

செல்வாவை இங்கேதான் ரிமாண்டில் வைத்திருக்கிறார்கள். போன வாரம் கிளினிக்கில் வரிசையில் எனக்கு முன்னால் நின்றான். திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவு சந்தோஷம் அவனுக்கு.

"மச்சான்! உங்கம்மாகிட்ட சொல்லு லா. ஒரு வார்த்தை. கேஸ் புட்டுக்கும்."

"நீ செஞ்சியா?" என்று கேட்டேன்.

"என்னடா, நீயே கேக்குற."

"செஞ்சியா, இல்லியா?"

அவன் குரலைக் குறைத்தான். "அவ கத்தினாடா. எல்லாரும் கத்துவாளுங்க, அது ஒரு பேச்சா? உங்க அக்காகூட கத்தியிருப்பா. எவன் கேட்டான்?"

எப்படி அவன் கழுத்துக்கு என் கை போனது என்று தெரியாது. சுவரோடு சேர்த்துப் பிடித்தேன். கட்டை விரலுக்குக் கீழே அவன் குரல்வளை அசைந்தது. கண் பிதுங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும். வார்டர் அந்தப் பக்கம் இருந்தார், ஓடி வருவதற்குள் முடிந்திருக்கும். அக்காவைப் பற்றி அவன் பேசிய அந்த வாய் மறுபடி திறக்காது என்று நினைத்தேன்.

அப்போதுதான் புரிந்தது. வாய் திறக்காது. அவன் இப்போது சொன்னது அவனோடு போய்விடும். அந்தப் பெண்ணும் நீயும் ஆஸ்பத்திரியில் பத்திரமாகக் கொடுத்த எல்லாமும் வீண். செத்தவன் மேல் வழக்கு இல்லை. பேப்பரில் அவன் படம் வரும், பாவப்பட்டவனாக.

கையை எடுத்தேன். விரல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டியிருந்தது, நிஜமாகவே. அவன் கீழே விழுந்து இருமினான். நான் வார்டரிடம் போய், இன்ஸ்பெக்டரைக் கூப்பிடுங்கள், வாக்குமூலம் கொடுக்கணும் என்றேன். அவர் நம்பவில்லை. மூன்று தடவை சொன்னேன். இரண்டு நாள் கழித்து அந்த மலாய்க்கார அம்மா வந்தார். செல்வா சொன்னதை அப்படியே சொன்னேன். கழுத்தைப் பிடித்ததையும் சொன்னேன், அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும். காளிதாஸை வெட்டியபோது அவன் நின்றதையும் சொன்னேன். உன்னைப் பற்றி என்னிடம் கேட்ட பையன் பெயரையும் கொடுத்தேன். எழுதிக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

இப்போது வேறு பிளாக்கில் இருக்கிறேன். போலிஸுக்குப் பேசினவன் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. நேற்று என் சோற்றில் துப்பியிருந்தார்கள். முந்தாநாள் குளிக்கிற இடத்தில் இருவர் பிடித்துத் தலையைத் தரையில் மோதினார்கள். ஐந்து தையல். பெரிய விஷயம் இல்லை.

நவம்பரில் என்னையும் கோர்ட்டுக்குக் கூட்டி வருவார்கள். விலங்கு போட்டிருக்கும். அதைப் பார்த்து நீ பேச வந்ததை மறந்துவிடாதே.

காளிதாஸைப் பற்றி நான் சத்தியம் ஒன்றும் பண்ண மாட்டேன். அவனை நினைத்தால் இன்னும் கை அரிக்கிறது. நீ நம்புகிற மாதிரி எதையாவது எழுதினால் அது பொய்யாகத்தான் இருக்கும்.

வெளியே வந்ததும் வீட்டுக்கு வரலாமா?

ரூபன்

---

பாசிர் கூடாங்
12 அக்டோபர் 2025

ரூபனுக்கு,

இன்று கட்டைப் பிரித்தார்கள். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை, அதனால் எழுத்து இப்படி. இந்தக் கடிதத்தை வேறு யார் கையாலும் எழுத மனம் வரவில்லை.

உன் கடிதத்தைச் செல்வராணியின் மகளிடம் படிக்கக் கொடுத்தேன். கொடுத்தது சரியா தப்பா தெரியாது. அவளுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இரண்டு தடவை படித்தாள். "அவன் கழுத்துலேர்ந்து கையை எடுத்துட்டாங்களா, அத்தை?" என்று கேட்டாள். எடுத்துவிட்டான் என்றேன். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனாள். அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

உன் தலையில் ஐந்து தையல் என்று படித்தபோது உன்னைப் பெற்ற வயிறு எரிந்தது. என் கை மேல் இருந்த உன் காலையும் நினைத்தேன். இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கிறது என்று கேட்காதே, இருக்கிறது.

வீட்டுக்கு வரலாமா என்று கேட்டாய். வரலாம். உன் அறையில் ஜன்னல் கதவு உளுத்துப்போயிருந்தது, மாற்றச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் கேட்டுக்கொள். காளிதாஸ் இப்போது கூலாய் டவுனில் இருக்கிறான், வாகனம் ஓட்டுவது இல்லை. இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் லோஷினி வழக்கை மறுபடி திறக்க முடியுமா என்று கேட்டிருக்கிறேன். நகத்தைச் சுத்தம் பண்ணியது நான் என்று அவரிடம் சொல்லி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். கஷ்டம்தான், ஆனால் வேறு பெண்கள் யாராவது அவனைப் பற்றிச் சொல்ல முன்வந்தால் பார்க்கலாம் என்றார். ஃபேக்டரி பஸ்ஸில் போன இரண்டு பெண்களைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஒருத்தி கிடைத்துவிட்டாள், பேசுகிறாள். அதற்கு நடுவில் நீ அவன் பக்கம் போனால், போலிஸுக்கு முதலில் போன் பண்ணுவது நானாகத்தான் இருக்கும். என் மகன் நல்லவன், நான் பொறுப்பு என்று இனி எந்த இடத்திலும் சொல்ல மாட்டேன். உனக்காகவும் சொல்ல மாட்டேன்.

யோசித்துக்கொள். யோசித்த பிறகும் வர நினைத்தால், வா.

அம்மா